மரியா தெரேசா வெள்ளித் தாலர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மஸ்கட்டின் மத்ரா சந்தையில் வாங்கியது, ஏமன் நாட்டு நண்பர் கொடுத்தது, தாத்தா கப்பலில் வேலை பார்த்தபோது கொண்டுவந்தது என்று சொல்லிப் பெரிய வெள்ளிக்காசு ஒன்றை என்னிடம் நீட்டியவர்கள் பலர். ஒருபுறம் முக்காடிட்ட ஒரு பெண்மணி, மறுபுறம் இருதலைக் கழுகு, கீழே 1780 என்ற ஆண்டு. அநேகமாக எல்லாருடையதும் இதே காசுதான். கேட்கப்படும் ஐயங்களும் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால், கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை வைத்து விடைகளைத் தொகுத்திருக்கிறேன்.

இது எந்த நாட்டுக் காசு? படத்தில் இருக்கும் அம்மா யார்?

இது ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்துக் காசு. படத்தில் இருப்பவர் 1740 முதல் 1780 வரை ஆண்ட மரியா தெரேசா. அவர் பெயரில் தாலர்கள் 1741 முதலே வெளிவந்தன. ஆனால் இன்று நம் கைக்கு வருவது அவருடைய முதிய வயதுத் தோற்றம் கொண்ட கடைசி வடிவம். கணவர் முதலாம் பிரான்சிஸ் 1765-இல் இறந்த பிறகு அவர் கைம்பெண் கோலத்தையே மேற்கொண்டார். தலையிலிருந்து பின்புறம் இறங்கும் முக்காடு அதைத்தான் காட்டுகிறது. முடியில் ஒரு சிறு மணிமுடியும், தோளில் முத்துகள் சூழ்ந்த ஓர் ஊசிப்பதக்கமும் இருக்கும். இந்தப் பதக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தாலர் என்பதும் டாலர் என்பதும் ஒன்றா?

சொல் ஒன்றே, காசு வேறு. இன்றைய செக் நாட்டில், பொஹீமியாவின் மலைப்பகுதியில் யோவாகிம்ஸ்தால் என்றொரு சுரங்க ஊர் இருக்கிறது. அங்கே கிடைத்த வெள்ளியைக் கொண்டு ஷ்லிக் குடும்பத்துப் பிரபுக்கள் 1520-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெரிய காசுகளை அடித்தார்கள். அவை யோவாகிம்ஸ்தாலர் என்று அழைக்கப்பட்டுப் பிறகு சுருக்கமாகத் தாலர் ஆயின. ஜெர்மன் மொழியில் 'தால்' என்றால் பள்ளத்தாக்கு. அந்தச் சொல்தான் டச்சு, ஆங்கிலம் வழியாக டாலராகி அமெரிக்கப் பணத்துக்கும் பெயராயிற்று. சங்கிலியில் கோக்கும் பதக்கத்தை நாம் டாலர் என்கிறோம். அரபு நாட்டுப் பெண்களும் இதே தாலரைச் சங்கிலியில் கோத்து அணிந்தார்கள் என்பது எனக்குப் பிடித்தமான ஓர் ஒற்றுமை.

நகைக்கடையில் உரசிப் பார்த்து "மட்டமான வெள்ளி" என்றார்கள். ஏமாந்துவிட்டேனா?

இல்லை. இந்தக் காசின் தரமே ஆயிரத்துக்கு 833 பங்கு வெள்ளிதான், மீதி செம்பு. 925 தரத்துக்குப் பழகிய கடைக்காரருக்கு அது குறைவாகத் தோன்றுவது இயல்பு. மொத்த எடை 28.07 கிராம், அதில் சுத்த வெள்ளி 23.39 கிராம், விட்டம் ஏறத்தாழ 40 மில்லிமீட்டர். ஆங்கிலேயர் காலத்து வெள்ளி ரூபாய் ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். அப்படிப் பார்த்தால் ஒரு தாலரில் இரண்டு ரூபாய்க்குச் சற்றுக் கூடுதலான வெள்ளி இருக்கிறது.

இந்த அளவு தற்செயலாக அமைந்ததன்று. கொலோன் நகரத்து எடையான ஒரு 'மார்க்' அளவுச் சுத்த வெள்ளியிலிருந்து சரியாகப் பத்துத் தாலர் அடிக்க வேண்டும் என்ற தரத்தை ஆஸ்திரியா 1750-இல் ஏற்றது. பவேரியாவும் 1753-இல் அதற்கு உடன்பட்டது. அதன் பிறகு எந்த ஊரில் அடித்தாலும் எடையும் தரமும் மாறவில்லை என்பதுதான் இந்தக் காசின் முழுக் கதைக்கும் அடித்தளம்.

ஓரத்தைச் சுற்றி இருக்கும் எழுத்துகள் என்ன சொல்கின்றன?

அவை லத்தீன் மொழிச் சொற்களின் சுருக்கங்கள். முகப்பில் இருப்பதை விரித்துப் படித்தால் "மரியா தெரேசா, இறையருளால் ரோமானியரின் பேரரசி, ஹங்கேரிக்கும் பொஹீமியாவுக்கும் அரசி" என்று வரும். கழுகு இருக்கும் பக்கத்தில் அதே வாக்கியம் தொடர்கிறது: "ஆஸ்திரியாவின் பேராட்சிக் கோமகள், பர்கண்டியின் கோமகள், டிரோல் சீமையின் பிரபு, 1780". நம் கல்வெட்டு மெய்க்கீர்த்திகளில் அரசர் வென்ற நாடுகளை வரிசையாகச் சொல்வதைப் போல, இங்கே காசின் இரு பக்கத்திலும் ஒரே பட்டியல் ஓடுகிறது.

ஆண்டுக்குப் பின்னால் பெருக்கல் குறி போல ஒன்று இருக்கும். அது எழுத்துமன்று, எண்ணுமன்று. பர்கண்டிச் சிலுவை எனப்படும் சாய்ந்த சிலுவை, 1750-இன் புதிய தரப்படி அடிக்கப்பட்டது என்பதற்கான அடையாளம். உருவத்துக்குக் கீழே தெரியும் 'எஸ்.எஃப்.' என்ற இரண்டு எழுத்துகள், இன்றைய தெற்கு ஜெர்மனியில் இருக்கும் குன்ஸ்பர்க் நாணயச்சாலையின் தலைமை அதிகாரிகளான ஷோப்ல், ஃபாபி ஆகியோரின் பெயர் முதலெழுத்துகள். காசை நெட்டாக நிறுத்தி விளிம்பைப் பாருங்கள். "நீதியும் கருணையும்" என்ற பொருள்படும் அரசியின் லத்தீன் கொள்கைமொழி அங்கே புடைத்து நிற்கும். அழகுக்காக மட்டும் வைத்ததன்று அது. ஓரத்தைச் சுரண்டி வெள்ளி திருடினால் எழுத்து அழிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

பேரரசி என்று போட்டிருக்கிறது. அவர் உண்மையிலேயே பேரரசியாக முடிசூடியவரா?

ஹங்கேரிக்கும் பொஹீமியாவுக்கும் அவர் தம் சொந்த உரிமையில் முடிசூடிய ஆட்சியாளர். ஆஸ்திரியாவும் தந்தைவழி அவருக்கு வந்தது. ஆனால் ஜெர்மானிய நாடுகள் பலவற்றை ஒன்றிணைத்த புனித ரோமானியப் பேரரசின் அரியணை தேர்தலால் நிரப்பப்படுவது, அதில் பெண்கள் அமர்ந்ததில்லை. 1745-இல் கணவர் பேரரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதால்தான் இவருக்குப் 'பேரரசி' என்ற பட்டம் வந்தது. கணவருக்குப் பிறகு மகன் இரண்டாம் யோசேப் பேரரசரானார். தாய் கைம்பெண் பேரரசியாகப் பட்டத்தை வைத்துக்கொண்டார். ஆக, வாக்கியத்தில் முதலில் நிற்கும் பெரிய பட்டம் கணவர் வழி வந்தது, அடுத்தடுத்து நிற்பவைதான் அவருடையவை. காசை வாசிப்பதில் எனக்குச் சுவையான இடம் இதுதான்.

கழுகின் மார்பில் கட்டம் கட்டமாக ஏதோ இருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்தும் புரியவில்லை.

அது ஒரு கேடயம். ஐரோப்பிய அரச குடும்பங்கள் தாம் ஆளும், அல்லது ஆளும் உரிமை கோரும், ஒவ்வொரு நாட்டின் சின்னத்தையும் கேடயத்தைப் பங்கிட்டு அதில் பொருத்துவார்கள். இந்தக் காசில் நான்கு பங்குகளும் நடுவில் ஒரு குட்டிக் கேடயமும் உள்ளன. பார்ப்பவரின் இடதுபுறம் மேலே ஹங்கேரி; அதன் பழைய அடையாளமான கிடைக்கோடுகளைக் கொண்டு அறியலாம். வலதுபுறம் மேலே பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் சிங்கம் பொஹீமியாவுடையது. அச்சு தெளிவாக விழுந்த காசில் அதன் வால் இரண்டாகப் பிரிவதைக் காணலாம். இடதுபுறம் கீழே சாய்ந்த பட்டைகள் பர்கண்டிக்கு. வலதுபுறம் கீழே மீண்டும் சாய்ந்த பட்டைகள், ஆனால் அவற்றின் மேல் செங்குத்தாக ஒரு பட்டை ஓடும். அது பர்காவ் என்ற சிறு சீமையின் சின்னம். நடுவில் இருப்பது ஆஸ்திரியா: குறுக்கே ஒரே ஒரு பட்டை. இன்றைய ஆஸ்திரியக் கொடியில் இரண்டு சிவப்புப் பட்டைகளுக்கு நடுவே தெரியும் வெள்ளைப் பட்டை அதுதான்.

பெரிய நாடுகளுக்கு நடுவில் யாருக்கும் தெரியாத பர்காவ் எப்படி வந்தது என்று கேட்கலாம். மேலே சொன்ன குன்ஸ்பர்க் ஊர் அந்தச் சீமையில்தான் இருந்தது. நாணயச்சாலை தன் ஊரின் சின்னத்தைக் கேடயத்தில் ஏற்றிவிட்டது. பர்கண்டியின் கதை வேறு. அந்தக் கோமகப் பகுதியின் மையமான நிலம் 1477-லேயே பிரான்சின் கைக்குப் போய்விட்டது. ஆனால் அதன் கடைசிக் கோமகனின் மகள் மேரியை ஹாப்ஸ்பர்க் இளவரசர் மாக்சிமிலியன் மணந்ததால், நெதர்லாந்துப் பகுதிகளும் பட்டமும் இந்தக் குடும்பத்துக்கு வந்தன. முந்நூறு ஆண்டுகள் கழிந்தும் அந்தப் பட்டத்தை விடவில்லை. கேடயத்தை நிலப்படமாக வாசித்தால் ஏமாந்துபோவோம். அது சொத்துப் பத்திரம், உரிமை வழக்கு இரண்டும் சேர்ந்தது.

இருதலைக் கழுகும் நம் கண்டபேரண்டப் பறவையும் ஒன்றா?

இந்தக் கேள்வி வராத மாதமில்லை. விஜயநகரத்து அச்சுதராயர் காசுகளில் அலகிலும் காலிலும் யானைகளைத் தூக்கிச் செல்லும் இருதலைப் பறவை உண்டு. மைசூர் அரசர்களும் அதைக் கொண்டார்கள். பார்வைக்கு ஒப்புமை இருப்பது உண்மை. ஆனால் தாலரில் இருக்கும் கழுகு புனித ரோமானியப் பேரரசின் சின்னம். ஒற்றைத் தலைக் கழுகு அரசருக்கும், இருதலைக் கழுகு முடிசூடிய பேரரசருக்கும் என்ற வழக்கு 1433-இல் பேரரசர் சிகிஸ்முந்த் காலத்தில் உறுதிப்பட்டது. மேலே தெரியும் மகுடமும் பேரரசு மகுடமே. இந்தக் காசுக்கும் கண்டபேரண்டத்துக்கும் உறவு கிடையாது.

1780 என்று தெளிவாக அடித்திருக்கிறதே, அப்படியானால் என் காசுக்கு 240 வயதுக்கு மேல்தானே?

பெரும்பாலும் இல்லை. 1780 என்பது மரியா தெரேசா இறந்த ஆண்டு; அந்த ஆண்டு நவம்பர் 29-இல் அவர் காலமானார். அதற்குப் பிறகும் அதே உருவம், அதே கேடயம், அதே ஆண்டு, அதே 'எஸ்.எஃப்.' எழுத்துகளோடு காசு அடிக்கப்பட்டுக்கொண்டே இருந்தது. வியன்னாவில் உள்ள ஆஸ்திரிய நாணயச்சாலை இன்றும் அடித்து விற்கிறது. அந்த இரு அதிகாரிகளும் மறைந்து இரண்டு நூற்றாண்டுகள் ஆகியும் அவர்கள் கையொப்பம் ஓயவில்லை. ஆகவே ஆண்டைக் கொண்டு வயதைக் கணிக்கும் வழக்கமான முறை இங்கே செல்லாது. உங்கள் காசு 1790-இல் பிறந்திருக்கலாம், 1940-இலும் பிறந்திருக்கலாம்.

இறந்தவர் பெயரில் ஏன் அடித்தார்கள்? மகன் பெயருக்கு மாற்றியிருக்கலாமே?

இரண்டாம் யோசேப் தம் உருவத்தோடு தாலர்கள் வெளியிட்டார்தான். ஆனால் செங்கடல் வணிகத்தில் அவை எடுபடவில்லை. ஏமன் காப்பிக்கும் பிற பொருள்களுக்கும் ஐரோப்பிய வணிகர்கள் வெள்ளியாகவே விலை கொடுத்தார்கள். லத்தீன் தெரியாத ஒரு வணிகர் காசை எப்படி நம்புவார்? படத்தைப் பார்த்துத்தான். தோளில் இருக்கும் பதக்கத்தின் முத்துகள் தெளிவாகத் தெரிகின்றனவா, முக்காடு இருக்கிறதா, கழுகின் இறகுகள் சரியா என்று பார்த்து வாங்கினார்கள். ஒரு முத்து மங்கியிருந்தாலே காசைத் திருப்பிக் கொடுத்ததாகப் பயணிகள் எழுதிவைத்திருக்கிறார்கள். படம் மாறினால் நம்பிக்கை போய்விடும். எனவே படம் 1780-இல் உறைந்துபோனது.

மக்கள் இட்ட பெயர்களே இதற்குச் சான்று. அரபு வழக்கில் அது 'அபு தய்ர்', பறவையின் தந்தை. 'அபு நுக்தா', புள்ளிகளின் தந்தை, அதாவது முத்துகளைக் குறித்த பெயர். பேரரசின் கம்பீரமான கழுகு அவர்களுக்கு ஒரு பறவை, அவ்வளவே. எத்தியோப்பியாவில் அது 'பிர்' என்று வழங்கியது. வெள்ளி என்று பொருள்படும் அந்தச் சொல்தான் இன்றும் அந்நாட்டுப் பணத்தின் பெயர். அங்கே சில்லறைக்கு உப்புக்கட்டிகள் புழங்கின. தாலரின் எடையே ஓர் எடைக்கல்லாகவும் பயன்பட்டது. இரண்டாம் மெனலிக் மன்னர் 1890-களில் பாரிஸில் அடித்துக்கொண்டு வந்த தம் சொந்தக் காசுகளாலும் இந்த அம்மையாரை அசைக்க முடியவில்லை.

சொந்த நாட்டிலேயே செல்லாத காசு வெளிநாட்டில் செல்லுமா?

சென்றது. ஆஸ்திரியாவில் 1858-இலேயே இது சட்டப்படி செல்லாமல் போயிற்று. பத்தாண்டு கழித்து, 1868-இல், எத்தியோப்பியப் பேரரசர் தெவோத்ரோஸ் சிறைவைத்த ஆங்கிலேயரை மீட்க ராபர்ட் நேப்பியர் பம்பாயிலிருந்து படை நடத்திச் சென்றபோது, வழியில் தீவனத்துக்கும் கூலிக்கும் மக்கள் ஏற்ற பணம் இந்தத் தாலர்தான். அதற்காகவே வியன்னாவில் இலட்சக்கணக்கில் புதிதாக அடிக்க வேண்டியிருந்தது. எத்தியோப்பியாவில் இரண்டாம் உலகப் போர்க் காலம் வரையும், ஏமனில் 1960-கள் வரையும், ஓமானில் 1970 வரையும் இது புழக்கத்தில் இருந்தது. வளைகுடாச் சந்தைகளில் இன்றும் இவ்வளவு கிடைப்பதற்குக் காரணம் அதுவே.

பம்பாயிலும் அடித்தார்கள் என்கிறார்களே, உண்மையா? அப்படியானால் அது கள்ளக்காசு ஆகாதா?

உண்மை. 1935-இல், எத்தியோப்பியப் படையெடுப்புக்குத் தயாராகிக்கொண்டிருந்த முசோலினியின் அரசு, இந்தக் காசை அடிக்கும் உரிமையை ஆஸ்திரியாவிடமிருந்து 25 ஆண்டுகளுக்குப் பெற்று, அச்சுகளை ரோமுக்குக் கொண்டுபோனது. செங்கடல் வணிகம் இத்தாலியின் பிடிக்குள் போவதை விரும்பாத பிரிட்டன் 1936-இல் லண்டனிலேயே அடிக்கத் தொடங்கியது. பாரிஸும் பிரஸ்ஸல்ஸும் அடித்தன. போர் வந்து கடல்வழி அடைபட்டபோது, 1940-ஐ ஒட்டிப் பம்பாய் நாணயச்சாலை அந்தப் பணியை ஏற்றது; பிறகு பர்மிங்காமும் சேர்ந்துகொண்டது.

கள்ளக்காசா என்ற கேள்விக்கு விடை நீங்கள் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. முன் விடையில் சொன்னபடி இது ஆஸ்திரியாவில் செல்லாக் காசு. எந்த நாட்டின் நடப்புப் பணமும் இல்லாத ஒன்றை அடிப்பது பணமோசடியாகாது என்பது பிரிட்டனின் தரப்பு. வெள்ளியும் குறையவில்லை. இத்தாலியின் உரிமைக்காலம் முடிந்தபின், 1960-களின் தொடக்கத்தில் மற்ற நாடுகள் நிறுத்திக்கொள்ள, உரிமை மீண்டும் வியன்னாவுக்கே திரும்பியது. என்னைப் பொறுத்தவரை எடையும் தரமும் சரியாக உள்ள பம்பாய்த் தாலர் போலியன்று, மறு அச்சு. செம்பில் வெள்ளிமுலாம் பூசியதுதான் போலி.

எந்த ஊரில் அடித்தது என்று நானே கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவுக்கு. ஊர்ப்பெயர் எங்கும் இல்லை. பதக்கத்து முத்துகளின் எண்ணிக்கையும் அமைப்பும், கழுகின் வால் இறகுகள், எழுத்துகளுக்கு இடையேயான புள்ளிகள், விளிம்பெழுத்தின் அலங்காரம் ஆகியவற்றைச் சேகரிப்பாளர்கள் ஒப்பிட்டு வகைப்படுத்தியிருக்கிறார்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியும் நல்ல படங்களும் வேண்டும். ஓரளவு தேய்ந்த காசில் இது பெரும்பாலும் நடக்காது. அந்நிலையில் "மறு அச்சு, ஊர் தெரியவில்லை" என்று எழுதிவைப்பதே நேர்மை.

போலியா என்று வீட்டிலேயே எப்படிச் சோதிப்பது?

முதலில் காந்தம், ஒட்டினால் வேலை முடிந்தது. அடுத்து விளிம்பு, எழுத்தில்லாமல் வழவழப்பாகவோ, நடுவில் ஒட்டுக்கோடு தெரிந்தோ இருந்தால் வார்ப்புப் போலி. பிறகு எடை, 28 கிராமுக்கு அருகில் இருக்க வேண்டும், நன்கு தேய்ந்த காசில் சற்றுக் குறையலாம்.

நான் நம்புவது தண்ணீர்ச் சோதனையை. நூறில் ஒரு பங்கு கிராம் வரை காட்டும் சிறு மின்தராசின் மேல் தண்ணீர்க் குவளையை வைத்து அளவைப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, முழுதும் மூழ்கும்படியும் அடியையோ பக்கத்தையோ தொடாதபடியும் கையில் தொங்கவிடுங்கள். தரமான தாலர் என்றால் தராசு ஏறத்தாழ 2.75 கிராம் காட்டும். அதே எடையில் செம்பும் நிக்கலும் கலந்து செய்த போலி 3.1 கிராமைத் தாண்டிவிடும். காசில் ஒட்டியிருக்கும் காற்றுக்குமிழிகளைத் தட்டிவிட மறக்காதீர்கள். முதல் முறை நானே அதை மறந்துவிட்டு, நல்ல காசு ஒன்றைப் போலி என்று சொல்லி நண்பர் ஒருவரின் தூக்கத்தைக் கெடுத்தேன்.

என் காசில் வளையம் பற்றவைத்திருக்கிறது. இன்னொன்றில் அரபு எழுத்து முத்திரை குத்தியிருக்கிறது. மதிப்பு கூடுமா?

வளையமோ துளையோ இருந்தால் நாணயச் சேகரிப்பாளருக்கு மதிப்புக் குறைவு. அது நகையாக வாழ்ந்த காசு. மேலே சொன்ன எடைக் கணக்கும் வளையத்தோடு பொருந்தாது. மேல்முத்திரை விஷயத்தில் எச்சரிக்கை தேவை. மெக்காவும் மதீனாவும் இருக்கும் ஹிஜாஸ் பகுதியின் பெயர் குத்திய தாலர்கள் உண்டு என்றாலும், சேகரிப்பாளரைக் கவர்வதற்காகப் பிற்காலத்தில் குத்தப்பட்டவை ஏராளம். முத்திரைக்காகக் கூடுதல் விலை கொடுக்க நான் யாருக்கும் சொல்வதில்லை.

கறுத்துப் போயிருக்கிறது. புளி போட்டோ விபூதி போட்டோ தேய்க்கலாமா?

வேண்டாம். குத்துவிளக்குக்கும் வெள்ளித் தட்டுக்கும் அது சரி. காசில் விபூதி நுண்ணிய கீறல்களை விடும், புளி மேற்பரப்பை அரித்து இயல்பற்ற வெண்மையைத் தரும். முத்துகளும் இறகுகளும்தான் இந்தக் காசின் உயிர் என்று மேலே பார்த்தோம். முதலில் மழுங்குவதும் அவைதான். வெதுவெதுப்பான நீரில் அலசி, பருத்தித் துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, உலர்ந்த காகித உறையில் வையுங்கள். சாதாரண பிளாஸ்டிக் உறைகளில் சில, நாளடைவில் பச்சைப் பிசுக்கை உண்டாக்கும்.

கடைசியாக, இது எவ்வளவு போகும்?

இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அடிக்கப்பட்டதில் மொத்த எண்ணிக்கை சுமார் 40 கோடி என்று மதிப்பிடப்படுகிறது. அரிய பொருள் அன்று. பெரும்பாலான மறு அச்சுகளுக்கு 23.39 கிராம் வெள்ளியின் அன்றைய விலையும் அதற்குமேல் சிறிதும்தான் கிடைக்கும். அரசி உயிரோடு இருந்தபோது அடித்தவை, அதாவது 1780-க்கு முந்தைய ஆண்டு பொறித்தவை, வேறு கணக்கு; அவற்றை மட்டும் தேர்ந்த ஒருவரிடம் காட்டாமல் விற்காதீர்கள்.

விற்கும் எண்ணமில்லாதவர்கள் உறையின் மேல் நான்கு விவரங்களைப் பென்சிலால் எழுதிவையுங்கள்: எங்கே வாங்கியது, எந்த ஆண்டு, யாரிடம், எடை எவ்வளவு. காசில் இருக்கும் ஆண்டு எதையும் சொல்லாது என்பதால், உங்கள் பேரன் பேத்திக்கு அந்த உறைதான் சொல்ல வேண்டும்.